இல்லாத ஓட்டைக்கு ஒட்டிய அம்பு

திங்கட்கிழமை காலை கம்பெனி வேனில் ஏறியதும், வழக்கம்போல் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து எஸ்தர் அக்காவுக்கு இடம் பிடித்தேன். டிரைவர் வண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார். "அடுத்த ஸ்டாப்புல நிக்க வேண்டியதில்லீங்க. அந்தக்கா விடியால தவறிட்டாங்களாமுங்க. நெஞ்சு வலிங்களாமா." "வாயக் கழுவுங்க!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? கம்பெனி வந்து சேரும்வரை அந்தப் பையை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் புதிதாக வேலைக்கு வந்தவர்களும் இருப்பதால் சொல்கிறேன்: அக்கா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திருப்பூருக்குப் பிழைக்க வந்து, நம் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் பதினோரு வருடம் எனக்கு எதிரே நின்றவர். காலையில் தைத்து வந்த முதல் பீஸைக் கையில் எடுத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். "ஆண்டவரே, இன்னைக்குத் தேவையான பெலத்த மட்டும் தாரும்." அவ்வளவுதான் ஜெபம். "ஏனுங்க்கா, நாளைக்குஞ் சேத்துக் கேட்டா உங்க சாமி தராதுங்களா?" என்று ஒருமுறை சீண்டினேன். "நாளைக்கும் இங்கதானட்டி நிப்பேன். அப்பக் கேட்டுக்கிடுதேன்" என்றார்.

நான் அப்படியே நேர் எதிர். வேன் ஐந்து நிமிடம் தாமதமானாலே டிரைவருக்கு நாலு முறை போன் அடித்துவிடுவேன். என் மகளுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்த வாரம் நான் செய்த கூத்து உங்களில் பலருக்கு நினைவிருக்கும். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, சரிசெய்ய அனுப்ப வேண்டும். ஒரு நாள் நான் பார்த்த பீஸெல்லாம் ஓட்டையாகவே தெரிந்தது. இரண்டு பண்டில் நல்ல பீஸ்களுக்கு அம்பு ஒட்டித் தள்ளிவிட்டேன். சூப்பர்வைசர் கத்திய கத்தலில் தையல் மெஷின்களே நின்றுவிட்டன. அக்கா அந்த பண்டில்களைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு அம்பாக உரித்தார். உரித்துக்கொண்டே சிரித்தார். "ஏட்டி சரசு, இல்லாத ஓட்டைக்கெல்லாம் அம்பு ஒட்டியிருக்கியே! கையில இருக்க பீஸப் பாரு. அடுத்தது வரும்போது பாத்துக்கிடலாம்." எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மகள் நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். அதன்பிறகு நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கவலையைக் குறைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை மாடிப்படியில் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. "வாங்க்கா, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்லாம்" என்றேன். "வெறும் வாயுதானட்டி. திங்கக்கெழம பாத்துக்கிடலாம். நீ ஆரம்பிச்சிராத, கவலைய." எனக்கு வெட்கமாகிவிட்டது. சரிங்க்கா என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். வாழ்நாளெல்லாம் கவலைப்பட்டவள், கவலைப்பட வேண்டிய அந்த ஒரு நாளில் கவலைப்படவில்லை.

அக்கா, உங்கள்மேல் கோபமாகத்தான் இருக்கிறது. ஒரு நாளும் நாளைக்கென்று எதையும் கேட்காத நீங்கள், அன்று மட்டும் ஏன் திங்கட்கிழமையை நம்பினீர்கள்? பெட்டியில் உங்கள் கைகளைப் பார்த்தேன். விரல் நுனிகள் ஸ்டிக்கர் ஒட்டியும் உரித்தும் தேய்ந்திருந்தன. அந்தக் கைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு வெடிக்கிறது.

உங்கள் ஜெபத்தை நான் எடுத்துக்கொண்டேன். உங்கள் ஆண்டவரை எனக்கு அதிகம் தெரியாது. இருந்தாலும் காலையில் முதல் பீஸைத் தொட்டதும், இன்றைக்கு வேண்டிய பலத்தைத் தாருங்கள் என்று கேட்கிறேன். நேற்று பேக்கிங் மணியக்கா தலை சுற்றுகிறது என்று சுவரில் சாய்ந்தார். "ஒண்ணுமில்லீங், நாளைக்குப் பாத்துக்கலாமுங்" என்றார். கையில் இருந்த பீஸை அப்படியே போட்டுவிட்டு, சூப்பர்வைசர் கத்தக் கத்த அவரைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன். ரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுத்தார்கள். மணியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சனிக்கிழமை உங்களுக்குச் செய்திருக்க வேண்டியது, அக்கா.