பெனி பேர் எழுதிய பெட்டி

செலுவாயா இருபத்திரண்டு வருஷமாக மரவள்ளிக்கிழங்கு உரித்தே காலம் தள்ளியவள். டோங்காவில் நுகுவலோஃபா துறைமுகத்துக்குப் பின்னால் ஃபாதாயின் கொட்டகையில் பதினாறு பெண்கள் கிழங்கு உரிப்பார்கள். கழுவி, நறுக்கி, பையில் அடைத்து, கல்லாக உறையவைத்து, குளிர்க் கன்டெய்னரில் ஏற்றி ஆக்லாந்துக்கு அனுப்புவார்கள். அங்கே போய்க் குடியேறிய டோங்காக்காரர்களுக்கு ஞாயிறு மதியம் மரவள்ளி இல்லாவிட்டால் சாப்பாடு தொண்டையில் இறங்காது.

பதினாறு பேருக்கும் செலுவாயாதான் மேஸ்திரி. பொல்லாத வாய். எவளாவது தோலோடு சேர்த்துச் சதையையும் சீவிவிட்டால், "ஏண்டி, கிழங்க உரிக்கிறியா, முடி வெட்டி விடுறியா?" என்பாள். சிரித்துக்கொண்டே மற்றவர்கள் தங்கள் கத்தியை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

கிழங்கு போகிற அதே மாதிரிக் கன்டெய்னரில்தான் அங்கேயிருந்து ஆட்டுக்கறி வரும். அவர்கள் தின்னாமல் ஒதுக்கும் கொழுப்பு விலாவெல்லாம் நமக்கு. அந்தக் கறியை லூ என்கிற இலைப் பொட்டலத்துக்குள் வைத்துத் திருப்பி அனுப்பலாமா என்றால் கூடாதாம், அவர்கள் நாட்டுக்கு நோய் வந்துவிடுமாம். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? அதனால் செலுவாயா பேய்க்கணவாய் வைத்து லூ செய்வாள். சேப்பங்கிழங்கு இலையில் கணவாயும் வெங்காயமும் கெட்டித் தேங்காய்ப்பாலும் வைத்துப் பொட்டலமாகக் கட்டி, குழி அடுப்பில் வேகவைத்து, ஆறவைத்து, உறையவைப்பாள். எல்லாம் ஒரே பிள்ளை பெனிக்காக.

பெனி பதினோரு வருஷமாக ஆக்லாந்தில் ஒரு குளிர்க் கிடங்கில் வேலை. அம்மா பூட்டி அனுப்புகிற கன்டெய்னரை மகன் திறந்து இறக்குவான். கடைசியாக ஏற்றுவதுதான் முதலில் இறங்கும் என்பதால் செலுவாயா அவன் பேர் எழுதிய பெட்டியைக் கதவோரமாக, எல்லாவற்றுக்கும் கடைசியில் வைப்பாள். கதவைத் திறந்ததும் அம்மா நிற்கிற மாதிரி இருக்கும் என்று பெனி போனில் சொல்வான். போடா என்பாள். அன்று முழுக்கக் கொட்டகையில் யாரையும் திட்டமாட்டாள்.

விமானமெல்லாம் நின்றுபோன அந்த வருஷம்தான் பெனிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். எல்லையை மூடியிருந்தார்கள், பெற்றவளாக இருந்தாலும் போக முடியாது. இங்கிருந்து அங்கே போனது சரக்குக் கப்பல் ஒன்றுதான்.

"அம்மா, உன் கையால ஒரு லூ தின்னணும்போல இருக்கு," என்றான் ஒரு நாள். "எதுவும் உள்ள போக மாட்டேங்குது. அது போகும்னு தோணுது."

"அனுப்புறேன்யா. இந்தக் கப்பல்லயே அனுப்புறேன்."

டாக்டர் மூன்று வாரம் என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை கப்பலில் ஏறினால் பத்து நாளில் பெட்டி அவன் கைக்குப் போய்விடும். அடுத்த கப்பலுக்கு இன்னும் ஒரு மாதம். செலுவாயா கணக்கு வாத்தியார் இல்லை, ஆனாலும் இது அவளுக்குப் புரிந்தது. இந்தக் கப்பலை விட்டால் அவ்வளவுதான்.

அதோடு அவள் கர்த்தரிடமும் ஒரு பேச்சு வைத்துக்கொண்டாள். உம் கட்டளையில் ஒரு புள்ளிகூடத் தவறமாட்டேன், என் பிள்ளையை எனக்கு விட்டுவிடும் என்று. புருஷன் செத்தபோதுகூட அவள் இப்படிக் கேட்டதில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு லூ கட்டி, அட்டையில் பெனி என்று பெரிதாக எழுதி, கதவோரம் வைத்தாள். பூட்டி சீல் வைத்து, கன்டெய்னரைக் கொட்டகை மின்சாரத்தில் மாட்டினார்கள். மைனஸ் பதினெட்டு. சத்தம் ஒரே சீராக இருந்தது. கப்பல் துறையில் நின்றுகொண்டிருந்தது. ஆனால் மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை டோங்காவில் சரக்கு ஏறாது, கடை திறக்காது, வெளியூர்க் கப்பலும் வாயை மூடிக்கொண்டு காத்துக்கிடக்கும்.

காலை ஆராதனையில் இரண்டாவது பாட்டு நடக்கும்போது கோயிலில் விளக்கு அணைந்தது. ஜனங்கள் பாட்டை நிறுத்தவில்லை. செலுவாயாவின் நினைப்பு மட்டும் கொட்டகைக்கு ஓடியது. கொட்டகையில் கரண்ட் போய் வந்தால் பிரேக்கர் சில சமயம் விழுந்துவிடும். யாராவது போய் அந்த லீவரை மேலே தள்ளவேண்டும். கோயிலிலிருந்து ஏழு நிமிஷ நடை. சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

ஒரு லீவரைத் தள்ளுவது வேலையா, வேலை இல்லையா? ஞாயிறு விடியற்காலையில் ஊரே குழி அடுப்பு மூட்டுகிறது, அதை யாரும் பாவம் என்பதில்லை. ஆனால் கொட்டகையைத் திறப்பது கொட்டகையைத் திறப்பதுதானே? வேறொரு ஞாயிறாக இருந்தால் பின்பக்கமாக நழுவியிருப்பாள். இந்த ஞாயிறு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது எழுந்தால் பிள்ளையின் உயிரைத் தன் கையாலேயே தட்டிவிட்டதாக ஆகாதா? பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாடினாள். மூன்றாவது பாட்டில் விளக்கு வந்தது. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னாள். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று நினைத்தாள், பாவி மகள்.

திங்கள் விடியற்காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தபோது கன்டெய்னர் சத்தமே இல்லாமல் நின்றது. லீவர் விழுந்து கிடந்தது. தள்ளினாள், இயந்திரம் இரைந்தது. அதன் முகப்புத் திரை மைனஸ் ஆறு என்று காட்டியது.

ஃபாதாய் அவள் புருஷனின் சித்தப்பா மகன். சொன்னதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சீலை உடைத்துக் கதவை ஒரு சாண் திறந்து, ஒரு பையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "கல்லாட்டம்தான் இருக்கு அண்ணி. ஏத்திருவோம். விடுங்க."

புது சீல் வைத்து ஏற்றினார்கள். செலுவாயாவுக்குத் தெரியாதா? இயந்திரத்துக்குள் ஒரு சின்னப் பெட்டி இருந்து, மணிக்கு மணி உள்ளே எவ்வளவு குளிர் என்று எழுதிக்கொண்டே இருக்கும். அதை யாரும் அழிக்க முடியாது.

மனசு கேட்காமல் புதன்கிழமை போதகரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.  "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா," என்றார் அவர். "நானே போய்த் தள்ளிவிட்டுட்டு வந்து பிரசங்கம் பண்ணியிருப்பேனே." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் வீட்டுக்குப் போய்த் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மதியம் ஃபாதாய் கொட்டகைக்கு வந்து அவள் பக்கத்தில் நின்றார். ஆக்லாந்தில் சரக்கு வாங்குகிறவன் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டான். இருபது மணி நேரம் இயந்திரம் ஓடவில்லை என்று அதில் இருந்தது. கன்டெய்னர் மொத்தத்தையும் குப்பைமேட்டில் கொட்டி மண் தள்ளிவிட்டார்கள். எந்தப் பெட்டியில் யார் பேர் என்றெல்லாம் அவர்கள் பார்க்கவில்லை. செலுவாயா கத்தியைக் கீழே வைத்தாள். சரி என்றாள். மறுபடி கத்தியை எடுத்தாள்.

அன்று சாயந்திரம் பெனி கூப்பிட்டான். தன்னால்தான் போயிற்று என்று சொல்லி அழுதுவிடவேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள்.

"அம்மா, பெட்டி வந்துருச்சு," என்றான் அவன் முந்திக்கொண்டு.

மண்ணுக்குள் போன பெட்டி எப்படி வரும் என்று நினைத்தாள். அப்புறம் புரிந்தது. கன்டெய்னரைத் திறந்தது கிடங்கில் அவனோடு வேலை செய்த கூட்டாளிகள். அவன் பேர் எழுதிய பெட்டியைக் குப்பை லாரியில் தூக்கிப் போட்டதும் அவர்கள்தான். அவளுக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"வந்துருச்சா?"

"ம். உன் மருமக சூடு பண்ணிக் குடுத்தா."

"எத்தன தின்ன?"

"ரெண்டு. முழுசா."

தண்ணீரைக்கூட ஸ்பூனில் தொட்டுத்தான் உதட்டில் வைக்கிறோம் என்று மருமகள் முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்.

"உப்பு?"

"சரியா இருந்துச்சும்மா."

"கணவாய் வெந்திருந்துச்சா? எனக்கு அதுதான் சந்தேகமா இருந்துச்சு."

"பஞ்சு மாதிரி. இங்க எவனுக்கும் அப்படி வராது."

செலுவாயா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இன்னும் பத்து மிச்சம் இருக்குமே என்றாள். இருக்கு என்றான்.

"அத மெதுவா வச்சுத் தின்னு. ஒரேயடியா தின்னா வயித்துக்கு ஆகாது."

"சரிம்மா," என்றான்.

அவள் அவனோடு கடைசியாகப் பேசியது அதுதான். சனிக்கிழமை காலையில் பெனி போய்விட்டான்.