ஈரச் சட்டையோடு மேடையேறிய அத்தை

1981 மார்ச் 6, வெள்ளிக்கிழமை. சுரங்கத்தில் அப்பாவுக்கு முதல் ஷிப்ட். நான் ஐந்தாம் வகுப்பு. காலையில் மூன்று இட்லி, பிறகு பள்ளி, நாலேகாலுக்கு வீடு, நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வந்ததும் இரண்டு தவலைகளையும் நிரப்புவது என் பொறுப்பு. அன்று கூடுதலாக ஒரு காரியமும் செய்தேன். அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து, ஆணியில் தொங்கிய அவளுடைய காக்கிச் சட்டையை எடுத்து வாளித் தண்ணீரில் அமுக்கினேன்.

அத்தை, அப்பாவின் தங்கை. எங்கள் குவார்ட்டர்ஸில்தான் இருந்தாள். சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மரக்கன்று நடும் கான்ட்ராக்ட் வேலை. புடவைக்கு மேல் அப்பாவின் பழைய யூனிபார்ம் சட்டையைப் போட்டு, கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருப்பாள். கன்று நடும்போது தானே கட்டிய பாட்டைப் பாடுவாள். கூட நடும் பெண்கள் பின்பாட்டு. அந்தப் பாட்டுகள் குடியிருப்பில் பிளாக் பிளாக்காகப் பரவி, அன்று மாலை ஆறு மணிக்கு மனமகிழ் மன்ற ஆண்டு விழாவில் பாட அவளை அழைத்திருந்தார்கள். ரேடியோ நிலையத்துக்காரர் ஒருவரும் கேட்க வருவதாகப் பேச்சு.

முந்தின நாள் விழாக் குழு அம்மாள் ஒருவர் இரவல் பட்டுப்புடவையோடு வீட்டுக்கு வந்தார்.

"இதக் கட்டிகினு பொம்மையாட்டம்தான் நிக்கணும்ங்க. கையத் தூக்காம எனக்குப் பாட்டு வராது" என்றாள் அத்தை.

"நாலு பேருக்குத் தெரிய வேண்டாமாம்மா?"

"தெரியட்டும்ங்க. பட்டுல தெரிஞ்சா அது வேற யாரோ."

அந்த அம்மாள் புடவையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்குக் கவலை வேறு. "அந்தத் தண்ணிப் பாட்ட மட்டும் வுட்டுடு. கான்ட்ராக்டரு முன்னாடிதான் ஒக்காந்திருப்பாரு. அதப் பாடிட்டு மறுநாள் எந்த மூஞ்சியோட வேலைக்குப் போவ?"

"இதே மூஞ்சிதாண்ணே. வேற கெடையாது."

என் கவலை முன்வரிசையில் உட்காரப்போகும் என் வகுப்புப் பெண்கள். அவர்களில் ஒருத்தி, "உங்க வீட்ல இருக்கிறது அத்தையா, மாமாவா?" என்று ஏற்கெனவே கேட்டிருந்தாள். காக்கி தடித்த துணி. ஆறு மணிக்குள் காயாது. பட்டைத் தவிர வழியில்லை. என் கணக்கில் பிழையே இல்லை.

குளித்துவிட்டு வந்த அத்தை வாளியிலிருந்து சட்டையைத் தூக்கினாள். என்னை ஒரு முறை பார்த்தாள்.

"அழுக்கு போவட்டும்னு போட்டியாடி? மகராசி."

இரண்டு முறை பிழிந்து, உதறி, அப்படியே போட்டுக்கொண்டாள்.

மேடையில் அவள் நின்ற இடத்தில் ஈரம் படர்ந்தது. முன்வரிசை சிரித்தது. கையை உயர்த்தினாள், துணை வாசிக்க வந்தவரின் ஆர்மோனியத்தில் இரண்டு சொட்டு தெறித்தது. அவர் வாசிக்கவில்லை. அவளும் வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

*கன்னுக்கு ஒரு கொடம் தண்ணி,*
*காவலுக்கு ஒரு ஆளு;*
*எங்க தொண்டைக்கு எப்பய்யா ஊத்துவ,*
*கொடை புடிக்கிற தொரையே?*

கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த கான்ட்ராக்ட் பெண்கள் அதை வாங்கித் திரும்பப் பாடினார்கள். மூன்று முறை. இரண்டாவது வரிசையில் கான்ட்ராக்டர் கைக்கடிகாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிரித்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் ரேடியோக்காரர் பேனாவோடு வந்தார்.

"நல்ல கொரல்மா. சட்டையப் பத்திக் கவலையில்ல, ரேடியோவுல தெரியாது. அந்தத் தண்ணி கேக்குற வரிய மட்டும் எடுத்துடலாம்."

"சட்ட தெரியாதுங்க. பயந்துட்டேன்னு தெரிஞ்சிபோவும்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அத்தை மேல் கோபம். 'எங்கள் அத்தை ரேடியோவில் பாடுகிறாள்' என்று வகுப்பில் சொல்ல முடியாமல் செய்துவிட்டாளே! நான்கே வரி, விட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? அன்று அவள் இழந்தது ரேடியோ ஒன்றைத்தான் என்று நம்பிக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு, தினமும் கம்பெனி பஸ்ஸில் போகிற அப்பா, முதல் வேலையாக சைக்கிளுக்குக் காற்றடித்தார். அந்தச் சத்தத்தில் விழித்து ஜன்னல் வழியே பார்த்தேன். மண்மேடு ஒரு பக்கம், அப்பாவின் ஷிப்ட் இன்னொரு பக்கம். அத்தை தூக்குப் பாத்திரத்தோடு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

"உனக்கு லேட்டாவும்ணே."

"ஆவட்டும். வேல இல்லன்னு அந்தக் கான்ட்ராக்டரு என் எதிர்ல சொல்லட்டும், பாக்கலாம்."

அப்பாவுக்குப் பஸ் தப்பிவிட்டது போலும் என்று நினைத்து, மறுபடி படுத்துக்கொண்டேன்.