இரண்டு பெயர் கொண்ட நாயோடு கம்பாக்கம் மலை

பழவேற்காட்டுக் கோட்டைத் துறையிலிருந்து சுண்ணாம்புக்குளத்துக்குப் படகுக் கூலி ஆளுக்கு ஒரு காசு. தெற்குக் காற்று இருந்தால் விடியலில் ஏறி உச்சிப்பொழுதுக்குள் இறங்கிவிடலாம். நான் போன அன்று காற்று தோதாக இருந்தது. பாய்மரத்தில் பாயை ஏற்றிவிட்டுப் படகுக்காரர் படுத்துக்கொண்டார். நான் தூங்கவில்லை. என் நாயைத் திரும்ப அழைத்துவரப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒல்லாந்தர் கும்பினியின் துணிக்கிடங்கில் எனக்கு வேலை. இரண்டு வருஷம் என்னை நாகப்பட்டினத்துக் கிடங்குக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே வேலைக்காரர்கள் வரிசைக் குடியிருப்பில் நாய்க்கு இடமில்லை. அதனால் குட்டியிலிருந்து நான் வளர்த்த சிங்கனை, சுண்ணாம்புக்குளத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை அஞ்சலை வீட்டில் விட்டுப் போனேன். இப்போது பழவேற்காட்டுக்கே திரும்பிவிட்டேன். கோட்டைக்குப் பின்னால் முற்றம் வைத்த வீடும் கிடைத்துவிட்டது.

கரையில் இறங்கியதும் அதைக் கண்டேன். உடம்பெல்லாம் கறுப்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. “சிங்கா” என்று கூப்பிட்டேன். வந்தது. என் காலை மோந்தது, கையை மோந்தது, வாலைக் கொஞ்சம் ஆட்டியது. அப்போது காயப்போட்ட வலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக, “நண்டு” என்றது. நாய் என்னை விட்டுவிட்டு மணல் தெறிக்க ஓடியது.

குரல் என் தங்கை புருஷன் எல்லப்பனுடையது. நாய் கரையில் குழி தோண்டி நண்டு பிடிக்கிறதாம். அதனால் அந்தப் பெயர்.

“வா மச்சான். இளைச்சுட்டியே” என்றார் அவர். நாய் அவர் கால்களுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்தது.

சாப்பிடும்போது, மறுநாள் கம்பாக்கம் மலையில் மரப்பட்டை உரிக்கப் போவதாகச் சொன்னார். அந்தப் பட்டையை வேகவைத்த சாற்றில் தோய்த்தால்தான் வலை உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்கும்.

“நீயும் வா. மல பாத்தாப்புல இருக்கும். வந்தப்பொறம் நாய இட்டுக்கினு போ.”

நான் அதுவரை எந்த மலையிலும் ஏறியதில்லை. ஆனால் நான் சம்மதித்தது மலைக்காக இல்லை. இரண்டு நாள் கூடவே இருந்தால் நாய்க்கு என் நினைப்பு திரும்பிவிடும் என்று எண்ணினேன்.

அன்று பிற்பகலே ஆரம்பாக்கம்வரை நடந்து, மலையடிவாரத்துக்கு வெறுமையாகத் திரும்பும் விறகு வண்டியில் ஏறினோம். போக வர ஆளுக்கு இரண்டு காசு. வண்டிக்காரர் தெலுங்கர்.

“குக்கைக்குக் கூலி வாணாம் நைனா” என்றார் நாயைக் காட்டி. “யாருது அது?”

“என்னுது” என்றேன் நான்.

நாய் எல்லப்பன் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. வண்டிக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மாட்டைத் தட்டினார்.

அடிவாரத்தில் தங்கி, விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். மலை ஏறாதவர்களுக்குச் சொல்கிறேன்: தொலைவில் நீலமாகத் தெரிவது கிட்டே போனால் நீலமாக இல்லை. காய்ந்த புல், முள், கறுத்த பாறை. பாதை என்று சொன்னாலும் அது மழைத்தண்ணீர் இறங்கிய தடம்தான். கடற்கரை மணலில் நடந்து பழகிய கால் கொஞ்ச தூரத்திலேயே நடுங்க ஆரம்பித்தது. நாய் முன்னால் ஓடும், நிற்கும், திரும்பிப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் அது பார்த்தது எல்லப்பனைத்தான். நான் வேண்டுமென்றே அவருக்கு முன்னால் போய் நடந்தேன். அது தலையைச் சாய்த்து, எனக்குப் பின்னால் அவர் வருகிறாரா என்று பார்த்தது.

மடியில் வறுத்த இறால் கொண்டுபோயிருந்தேன். ஒன்றை நீட்டினேன். பதவிசாக வாங்கித் தின்றுவிட்டு அவரிடமே போனது.

வெயில் ஏறும் நேரத்துக்கு ஓர் உயரமான பாறைக்கு வந்தோம். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் எங்கள் ஏரி முழுவதும் கிடந்தது. நான் பிறந்து வளர்ந்தது அதன் கரையில்தான். அதற்கு இப்படி ஒரு உருவம் உண்டென்று தெரியாது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல்திட்டு ஒரு கயிறு அளவுக்குத்தான் இருந்தது. அதன்மேல்தான் அத்தனை குப்பங்களும் இருக்கின்றன. கும்பினிக் கப்பல் தெரிவதாக எல்லப்பன் சொன்னார். எனக்குத் தெரியவில்லை. அதற்குக்கூட அன்றைக்கு எனக்கு எரிச்சல் வந்தது.

பட்டை உரித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது நாய் ஒரு முயலைத் துரத்திக்கொண்டு புதருக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் எங்கோ கீழேயிருந்து அதன் குரல் கேட்டது. குரைப்பு இல்லை, கதறல்.

ஓடிப் பார்த்தோம். இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு சுனை. சுற்றிலும் பாசி பிடித்த செங்குத்துப் பாறை. நாய் நீந்தி நீந்தி ஓரத்துக்கு வருவதும், நகம் பற்றாமல் சறுக்குவதுமாக இருந்தது. மூக்கு மட்டும்தான் மேலே இருந்தது.

எல்லப்பன் பட்டை கட்டக் கொண்டுவந்த கயிற்றை மரத்தில் சுற்றினார். “நான் எறங்கறேன். நீ மேல புடி மச்சான்.”

“வேண்டாம், நான் இறங்குகிறேன்” என்று கயிற்றைப் பிடுங்கிக்கொண்டேன். உயிர் போகிற நேரத்திலும் என் எண்ணம் ஒன்றே ஒன்றுதான்: அது முதலில் என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் என் மார்பளவு இருந்தது. தாங்க முடியாத குளிர். நாயை அணைத்துப் பிடித்தேன். பயத்தில் என் கழுத்தையும் தோளையும் கீறியது. அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். என் தலைமேல் கால் வைத்து ஏறியது. மேலேயிருந்து எல்லப்பன் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் அதன் கழுத்தைப் பற்றி இழுத்துக்கொண்டார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். நாய் அவர் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. என் தோளில் ரத்தம் வழிந்தது.

நான் மேலே வந்ததும் எல்லப்பன் தன் தலைத்துண்டை அவிழ்த்து என் தோளில் அழுத்தினார். நாய் எங்களுக்கு நடுவில் உதறிக்கொண்டு நின்றது.

“உன்னத்தான் நல்லா கீறிட்சி” என்றார்.

“உங்களிடம் ஓடத்தான் கீறியது” என்றேன். குரலில் இருந்ததை மறைக்க முடியவில்லை.

அவர் கொஞ்ச நேரம் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“மச்சான், நீ வுட்டுட்டுப் போன பொறவு இது இன்னா பண்ணிச்சு தெரியுமா? தெனம் சாயங்காலம் தொறைக்குப் போயிடும். பழவேற்காட்டுப் படகு வந்தா ஒவ்வொரு ஆளா மோந்து பாக்கும். மழைல கூட. நான் சோறு வெச்சா துன்னாது. ஒன் தங்கச்சி வேற, இது எங்கண்ணன் நாயி, எங்கண்ணன் நாயினு சொல்லிக்கினே இருப்பா. அடுத்த மழைக்காலம் வரைக்கும் இப்டித்தான். எனக்கு ஒம்மேல அவ்ளோ காண்டு. ஊர்ல இல்லாத ஆளுக்காவ நிக்கிறியேனு இத்த ஒரு நாள் அடிச்சிட்டேன்.”

நாய் அவர் கையை மோந்து பார்த்துவிட்டு வெயிலில் படுத்தது.

“இப்ப நீ இட்டுக்கினு போப்போற” என்றார். பட்டைக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். முழங்கால் கழன்றுவிடும்போல் இருந்தது. பொழுது சாய வண்டியைப் பிடித்தோம். துறையில் நிற்கும் நாயை வழியெல்லாம் நான் நினைத்துக்கொண்டே வந்தேன். என் புது வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். சாயங்காலம் அது துறைக்குப் போய் நின்று, சுண்ணாம்புக்குளத்துப் படகில் வருகிற ஒவ்வொருவரையும் மோந்து பார்க்கும். என் வீட்டில், என் சோற்றைத் தின்றுகொண்டு, இவருக்காகக் காத்திருக்கும். அதைத் தினமும் பார்க்க என்னால் ஆகாது.

மறுநாள் காலை படகில் ஏறும்போது, “நாய் இங்கேயே இருக்கட்டும் மாப்பிள்ளை” என்றேன்.

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அவள் நினைத்திருப்பாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

படகைத் தள்ளினார்கள். கரையில் நின்ற நாய் தண்ணீரில் இறங்கியது. முழங்கால், வயிறு, மார்பு என்று நனைந்து, படகை நோக்கி நீந்தத் தொடங்கியது. நான் கூப்பிடவில்லை. எல்லப்பனும் கூப்பிடவில்லை, அவர் அப்படியே நின்றார். பாய் விரிந்து படகு வேகம் எடுத்த பிறகுதான் அது நின்றது, சுற்றியது, கரைக்குத் திரும்பியது. அது கரையேறி உதறியபோதும் அவர் அதைத் தொடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல சந்தோஷம் இல்லை அது. ஆனாலும் கோட்டை மதில் கண்ணுக்குத் தெரிகிறவரை அந்தச் சந்தோஷத்தை விட்டுவிட மனம் வரவில்லை.