கேப்டன் சொல்லும் அந்த வரி

எங்கள் தெருவில் அவளுக்கு ஜிப்பக்கா என்று பெயர். கைப்பையோ பேன்ட்டோ, எதில் ஜிப் மக்கர் செய்தாலும் அவளிடம்தான் போவோம். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள். பேரம் பேச வந்தவர்கள் ஊசிகளைப் பார்த்ததும் அடங்கிவிடுவார்கள்.

மகன் ராணுவத்தில் சேர்ந்ததற்கு ஒரு தடித்த நாவல்தான் காரணம் என்பது அவள் முடிவு. விண்வெளியில் படைகள் மோதிக்கொள்ளும் கதை. பள்ளி நாட்களில் அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவான். எல்லைக்கு மாற்றலாகிப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்துகொண்டிருந்தவன், இரண்டு ஞாயிறாகச் செய்யவில்லை. அந்தப் பக்கம் சண்டை மூண்டிருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். டிவியை அணைத்துவிட்டு நாவலைத் தேடி எடுத்தாள். சிப்பாய்க்கு என்னவெல்லாம் நடக்கும் என்று அதிலாவது தெரியட்டுமே என்ற நினைப்பு.

ஏமாற்றம்தான். பக்கம் பக்கமாகத் துப்பாக்கியின் நீளமும் கப்பலின் வேகமும். யாரும் சாப்பிடவில்லை, துணி துவைக்கவில்லை. ஒருவனுக்கும் அம்மா இல்லை.

"இத்தனை பேரு யூனிஃபார்ம் போட்டிருக்கானுங்க, ஒருத்தனுக்குக்கூடவா பட்டன் அறுந்து விழாது?" என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"அது கதை அண்ணி. ஆல்ட்டரேஷனுக்கு வந்த துணி மாதிரி பாக்குறீங்களே!"

சிரித்தாள். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கப்பலின் கேப்டன் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்புகிறான்: 'எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.' அடுத்த வரியில் கப்பல் வெடிக்கிறது. எழுதியவருக்கு வேறு விதம் தெரியாது போலும். புரட்டப் புரட்ட வேறு வேறு கேப்டன்கள், அதே வரி, பின்னாலேயே வெடி.

மகன் போனை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் சொல்வதும் அதுதான். "எல்லாம் கட்டுப்பாட்டுல இருக்கும்மா. கவலைப்பட ஒண்ணுமில்ல."

நாவலை மூடிவைத்தாள். மெஷினில் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டது. யாருடையதோ ஒரு பேன்ட்டின் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவைத்தாள். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

ஒரு நாள் புது நம்பரிலிருந்து அடித்தது. நாத்தனார்தான் எடுத்துப் பேசி, அவள் காதில் வைத்தாள்.

"அம்மா..."

"இருடா. அந்த வரிய மட்டும் சொல்லிடாத."

"எந்த வரி?"

"கட்டுப்பாடு, கவலைன்னு சொல்லுவியே, அது. உன் புக்க படிச்சேன். அதச் சொன்னவன் ஒருத்தனும் அடுத்த வரியத் தாண்டல."

"அதையா படிச்ச?" அவன் சிரித்தான். "குப்பைம்மா அது. இங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

"சாப்பிட்டியா?"

"காஞ்ச ரொட்டி. ஷூதான் காயவே மாட்டேங்குது."

"பயமா இருக்காடா?"

காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இருக்கும்மா. ரொம்ப."

அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெஷின்மேல் வைத்தாள்.

"சொல்லு" என்றாள்.