அண்ணனின் மில்லிங் மிஷினுக்கு மோட்டார் வைத்த வருஷம்

அண்ணனுக்குக் கையில் பிடிப்பு குறைவதை முதலில் கவனித்தது மதினிதான். சாப்பிடும்போது சோறு விரலிடுக்கில் நழுவுவதையும், சட்டைப் பொத்தான் போட அண்ணன் வெகுநேரம் திணறுவதையும் பார்த்திருக்கிறார். அண்ணனோ வேலைக் களைப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் பட்டறையில் மில்லிங் மிஷினின் கைப்பிடி கையைவிட்டு வழுக்கி, கத்தி இரும்பில் ஆழமாக ஏறி உடைந்து தெறித்தது. அன்று சாயங்காலம்தான் மதினி கோயம்புத்தூரில் இருந்த எனக்குப் போன் செய்தார்.

எங்கள் ஊரில், பந்தல்குடி சாலையில் தகரக் கூரை போட்ட பட்டறை அது. நூற்பு மில்களுக்கு வேண்டிய இரும்புத் துண்டுகளில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டித் தருவதும், லாரிக்காரர்கள் கொண்டுவருவதைச் சரிசெய்து கொடுப்பதும் அண்ணனின் தொழில். மில்லிங் மிஷினில் சுழலும் கத்தி ஓரிடத்தில் நிற்கும்; இரும்பைப் பிடித்திருக்கும் மேஜைதான் நகரும். மேஜையை நகர்த்த ஆளுயர இரும்புடம்பில் பக்கத்துக்கொரு கைப்பிடி. நாள் முழுக்க அவற்றைச் சுற்றியே அண்ணனின் தோள்கள் கல்லாக இருந்தன.

நானும் வந்து சேர்ந்து மதுரைக்குக் கூட்டிப்போனோம். அங்கே நரம்பு டாக்டர் ஊசிகள் குத்திப் பார்த்தார். தசைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள் செத்துக்கொண்டு வருகின்றன, மருந்து கிடையாது என்றார். முதலில் கை, பிறகு கால், கடைசியில் மூச்சு. மதினி வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும் வழியில், காரியாபட்டி தாண்டியதும் அண்ணன் பேசினார்.

"தாயி, உங்க கம்பெனியில மிஷினுக்கெல்லாம் மோட்டாரு வச்சுக் கம்ப்யூட்டர்ல ஓட்டுறீகல்ல?"

"ஆமாண்ணே."

"நம்ம மிஷினுக்கும் வச்சிரு. கையி சுத்தாட்டி என்ன? பட்டன அமுக்க ஒரு விரலு போதும்."

முன் சீட்டில் தன் சின்ன மகனை மடியில் வைத்திருந்த மதினி திரும்பிப் பார்த்தார்.

நான் டிப்ளமோ முடித்து, மிஷினை ஓட்டும் கம்ப்யூட்டர் இருக்கிற கண்ட்ரோல் பெட்டிகளுக்கு வயரிங் செய்யும் பிரிவில் வேலையில் இருந்தேன். லீவு போட்டு வந்தவள் பிறகு வேலையையே விட்டுவிட்டேன். கல்யாணம் ஆகாத பெண் கிரீஸ் கையோடு பட்டறையில் நிற்கிறாளே என்று சர்ச்சில் பேசினார்கள். அதைக் காதில் வாங்க எனக்கு நேரமில்லை.

கைப்பிடி சுற்றும்போது மேஜையைத் தள்ளும் பழைய திருகுகளில் ஆட்டம் இருந்தது. கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினால் கொஞ்ச தூரத்துக்கு மேஜை அசையாது. கை அதைப் பழக்கத்தில் சமாளிக்கும். கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் ஆட்டமில்லாத, உள்ளே குண்டுகள் உருளும் புதுத் திருகுகள் வேண்டியிருந்தன. அவை வந்து சேர்வதற்குள் அண்ணனால் ஸ்பேனரைத் தூக்க முடியாமல் போய்விட்டது. நான் மாட்டினேன், அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த போல்ட்டை முதலில் இறுக்குவது என்று சொன்னார்.

கோயம்புத்தூரில் மூடிப்போன ஒரு கம்பெனியின் மிஷினிலிருந்து கழற்றிய சர்வோ மோட்டார்களும் கண்ட்ரோல் பெட்டியும் கிடைத்தன. சர்வோ மோட்டார் சும்மா சுற்றுவதில்லை. அதன் வால்பக்கம் இருக்கும் என்கோடர், எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தால் பெட்டி இன்னும் தள்ளும்; கூடினால் இழுத்துப் பிடிக்கும். அண்ணனிடம் இதை விளக்கினேன்.

"பெட்டியிலருந்து மோட்டாருக்குப் போற வயரு அத்துப்போனா?" என்று கேட்டார்.

"மோட்டார் அசையாதுண்ணே."

"மோட்டாரு நல்லாத்தான் இருக்கும். என்ன?"

"ஆமாண்ணே."

தன் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அன்றைக்கு மேற்கொண்டு எனக்கு வேலை ஓடவில்லை.

ஐப்பசியில், வருஷம் முழுக்கக் காய்ந்து கிடந்த ஊருக்கு மழை வந்தது. முதல் மழையே இடியோடு வந்தது. தெருக் கம்பத்தில் இடி விழுந்து, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவ் அட்டைகள் கருகிவிட்டன. பட்டறை முழுக்க எரிந்த வாடை. ஊரே மழையைக் கொண்டாடிக்கொண்டிருக்க, நான் அட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். அவை சரியாகித் திரும்புவதற்குள் அண்ணனின் கால்களும் போய்விட்டன.

மதினி வெடித்தது அப்போதுதான். அண்ணனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர் தட்டை நங்கென்று வைத்தார்.

"இருக்கப்போற கொஞ்ச நாளு எம் பக்கத்துல இருக்கட்டும்னு பாத்தா, காலையில பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயிருற. பிள்ளைக அப்பா மொகத்தப் பாக்க வேண்டாமா? அந்த இரும்புக்குச் செய்யிறத இந்த மனுசனுக்குச் செய்யக் கூடாதா?"

"மதினி, அண்ணன்தான்…"

"அவுக சொல்லுவாக. சாகப்போறவுக என்னதான் சொல்ல மாட்டாக? நீ தலையாட்டுவியா?"

அண்ணன் குழறலாகச் சொன்னார்: "அவள வையாத. நாந்தான் கேட்டேன். வீட்டுல கெடந்தா சாவு நெனப்புதான் வருது."

மதினி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மறுநாள் காலையில் அவரே அண்ணனைத் துடைத்துவிட்டு, தலைசீவி, நாற்காலியோடு ஆட்டோவில் ஏற்ற ஒரு கை பிடித்தார். என் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

மிஷின் தயாரான அன்று ஒரு இரும்புக் கட்டையைப் பிடித்து வைத்தேன். காடியின் நீளத்தையும் ஆழத்தையும் எண்களாகத் தட்டினேன். ஓட்டும் பட்டனை அண்ணன்தான் அழுத்த வேண்டும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் கை மடியில் துணிபோல் கிடந்தது. மதினி அதைத் தூக்கி, விரலைப் பட்டன்மேல் வைத்து, அதன்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார்.

மேஜை தானாக நகர்ந்தது. கைப்பிடி இருந்த இடங்களில் மோட்டார்கள் முனகின. கத்தி இரும்பைத் தொட்டதும் அண்ணன் சத்தத்தைக் கவனித்தார்.

"வேகம் சாஸ்தி. கொற."

குறைத்தேன். காடி சுத்தமாக விழுந்தது. அண்ணன் சிரிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் அழுதார். கண்ணைத் துடைக்கக் கை எழவில்லை. மதினி முந்தானையால் துடைத்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் பட்டறைக்கு வரவில்லை. உட்காரவைத்தாலே மூச்சு முட்டியது. அவருக்காகச் செய்த மிஷினில் அவர் பார்த்த வேலை அந்த ஒன்றுதான்.

தை பிறக்கும் முன்பே அண்ணனைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

பட்டறையை மூடிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு காலையில் மதினி வெள்ளைச் சேலையோடு பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"இது நான் அமுக்குனா ஓடுமா?"

"ஓடும் மதினி."

"அப்ப சொல்லிக்குடு. பிள்ளைகளுக்குச் சோறு போடணும். ஆனா ஒண்ணு, இத எனக்குப் பிடிக்கும்னு மட்டும் நெனைக்காத."

சொல்லிக்கொடுத்தேன். இரும்பைப் பிடித்து இறுக்குவது, கத்தியை மாற்றுவது, கண்ட்ரோல் பெட்டியின் எழுத்துகள். பொம்பளை ஓட்டும் மிஷினில் வேலை சரியாக இருக்காது என்று சிலர் வேறு பட்டறைக்குப் போனார்கள், சிலர் வந்தார்கள். வந்தவர்களை வைத்துக் குடும்பம் ஓடியது. நான் மறுபடி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனேன்.

மதினி எப்போதாவது எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவார். மேஜை உதறுகிறது, பெட்டியில் ஏதோ எழுத்து வந்து நிற்கிறது என்று, இப்படி ஏதாவதுதான். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வார். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால், "இருக்காக" என்பார். பிறகு போனை வைத்துவிடுவார்.