மிளகு கடிக்கும் பல்லைப் பிடுங்காத டாக்டரம்மா

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது… போன வாரம் எல்லோரும் எழுதும் இந்த நோட்டில் என்ன எழுதினேன் என்பதே நினைவில்லை. ஆனால் இந்தச் செவ்வாய்க்கிழமை மறக்காது. அன்றுதான் கண்டியில் என் பல்லுக்கு உறை போட்டார்கள்.

ஒரு பல்லுக்கு இவ்வளவு எழுத்தா என்று கேட்பீர்கள். என் பிழைப்பே அந்தப் பல்லில்தானே இருக்கிறது?

மாத்தளை டவுனில் ஒரு ஹாஜியாரின் மிளகு ஸ்டோரில் வேலை செய்கிறேன். மூட்டையைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு மிளகை எடுத்து, கடைவாயில் வைத்துக் கடிப்பேன். டக்கென்று உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் ஈரம். அதிகம் பேச வேண்டியதில்லை – கூச்சக்காரிக்கு ஏற்ற வேலை.

மேலும் கீழும் ஒன்றையொன்று தொடும் கடைவாய்ப் பற்கள் எனக்கு ஒரு ஜோடிதான் மிச்சம். மற்றவை 1970களிலேயே போயின. அப்போது பல் வலி என்று போனால் வேறு பேச்சே கிடையாது. ஊசி, குறடு, பஞ்சு, வீடு.

இந்த வருடம் அந்த ஜோடியில் கீழ்ப்பல் வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை. கராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து அடக்கிக்கொண்டு, மிளகைக் கடிக்காமல் கையால் தடவிப் பார்த்துத் தலையாட்டினேன். பல்லேபொலயிலிருந்து வந்த இரண்டு மூட்டை பூஞ்சணம் பிடித்துவிட்டது.

ஹாஜியார் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, கடிச்சுப் பாத்தீங்களா, தடவிப் பாத்தீங்களா?"

"தடவித்தான் பாத்தேங்க மொதலாளி. பல்லு வலிக்குது."

"அப்ப கழட்டிப் போட்டுட்டு வாங்களேன்."

"கழட்டிட்டா எதால கடிக்கிறதுங்க?"

தாடியைத் தடவினார். "அதுவும் சரிதான். பல்லு இல்லாட்டி ஒங்கள நான் என்ன வேலைக்கு வெச்சிக்கிறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு, தன் மகளுக்குப் பல் பார்த்த டாக்டரம்மாவிடம் போகச் சொன்னார்.

கண்டி பஸ்ஸை ராணுவத்தின் செக் பொயின்டில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் கன்னம் பலாக்கொட்டையை அடக்கியதுபோல வீங்கியிருந்தது. சிப்பாய் அடையாள அட்டைப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இது நீதானா என்று சிங்களத்தில் கேட்டார். வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். வேறென்ன செய்வது? அவரும் பிடுங்கச் சொல்லித்தான் அனுப்பினார்.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பெண் என்பதால் கூச்சமில்லாமல் வாயைத் திறந்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"பிடுங்கத் தேவையில்லை அம்மா. உள்ளுக்க நரம்புதான் பழுதாப் போச்சு. அதை எடுத்து, வேரைத் துப்புரவாக்கி அடைச்சு விடுறன். பல்லு நிண்டிடும்."

"நிக்குமாங்க? மிளகு கடிக்கணுங்க."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "உறை போடுமட்டும் அந்தப் பக்கத்தால ஒண்டும் கடிக்கக் கூடாது. விளங்குதோ?"

விளங்கியது. ஊசி குத்தியதே தெரியவில்லை. நூல் போன்ற மெல்லிய கம்பிகளால் வேருக்குள் சுத்தம் செய்தார். தற்காலிகமாக அடைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

மூன்றாம் நாள் ஸ்டோரில் ஒரு மூட்டையைப் பிரித்தேன். கை மிளகை எடுத்தது, வாய் கடித்தது… எத்தனை வருடப் பழக்கம்! அடைப்பு உடைந்துவிட்டது. மறுபடி கண்டிக்கு பஸ் ஏறி, டாக்டரம்மாவிடம் வாயைத் திறந்தேன்.

"என்னம்மா இது? பல்லுக்குள்ள மிளகு கிடக்குது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சொன்னனான்தானே? திரும்பவும் கிருமி போயிருந்தா பிடுங்கத்தான் வேணும். பிறகு எலும்புக்குள்ள ஸ்க்ரூ வச்சுப் பல்லுக் கட்டலாம். கொழும்பில இப்ப அதுவும் செய்யினம். ஆனா அதுக்கு விடமாட்டன், பாப்பம்."

ஏசிக்கொண்டே முதலிலிருந்து கழுவினார். வெளியே ஆட்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. அதன் பிறகு உறை போடும்வரை வாயில் துணியைக் கட்டிக்கொண்டுதான் ஸ்டோரில் நின்றேன். ஹாஜியாரின் யோசனை.

செவ்வாய்க்கிழமை உறை ஏறியது. "இனிக் கடிக்கலாம். மிளகோட கல்லு வந்தா மட்டும் துப்பிப்போடுங்கோ," என்று அனுப்பினார்.

மறுநாள் ஹாஜியாரே மூட்டையிலிருந்து ஒரு மிளகை எடுத்துத் தந்தார். "பிஸ்மி சொல்லிக் கடிங்க அக்கா." நான் முத்துமாரியை நினைத்துக்கொண்டு கடித்தேன்.

டக்.

மூட்டை கொண்டுவந்தவர் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் என்னைப் பார்த்தார். "காஞ்சிருக்குங்க," என்றேன். தராசை இழுத்துப் போட்டார்கள். மூலைக்குப் போய் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிடுங்கு என்று சொல்ல வழி நெடுக ஆள் இருந்தது. அதற்குப் படிப்பு வேண்டாம் போலிருக்கிறது. இருப்பதைக் காப்பாற்றத்தான் அந்தப் பிள்ளை அத்தனை வருடம் படித்திருக்கிறது. நன்றாக இருக்கட்டும்.

ஒரு உதவி. அந்தப் பல்லுக்கு வேர் இரண்டு என்றாரா, மூன்று என்றாரா, உள்ளே அடைத்த சாமானுக்கு என்ன பெயர் – எனக்கு நிச்சயமில்லை. பல் வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்தி எழுதுங்கள். டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். வாயைத் திறந்து வைத்திருந்ததால் என்னால்தான் திருப்பிக் கேட்க முடியவில்லை.