லாரி வரிசையில் நின்றவர்

எங்கள் வீடு திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு காம்பவுண்டுக்குள் இருக்கிறது. துறைமுகத்தில் வேலை தேங்கினால் கன்டெய்னர் லாரிகள் எங்கள் கேட் வரைக்கும் வரிசை கட்டிவிடும். சில நாட்களில் காலையில் பார்த்த லாரியே மாலையிலும் அதே இடத்தில் நிற்கும்.

போன கோடை விடுமுறையில் அப்படி ஒரு நாள். மகளுக்கு அப்போது எட்டு வயது. கேட்டுக்கு நேரே நின்ற லாரியிலிருந்து ஓட்டுநர் காலி பாட்டிலை நீட்டி, "பானி, பானி" என்றார். வடக்கத்திக்காரர். மகள் அவரைப் போலவே தலையை ஆட்டி, "பானி பானி பானிபூரி" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் திட்டவில்லை. அவர் எதிரில் திட்டினால் அவருக்கும்தான் சங்கடம். பாட்டிலை வாங்கிவந்து தண்ணீர் நிரப்பி மகள் கையில் கொடுத்தேன்.

"நீயே போய் குடு."

"நானா? நீ குடும்மா."

"காலைலேருந்து வெயில்ல குந்திகினு கீறாரு. நீ குடு."

கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். அவளுக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் அடுப்பைக் கவனிக்கப் போனேன்.

மகள் ஜன்னலோரமே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"அம்மா, அவரு லாரியவுட்டு எறங்கவே மாட்றாரு. பாத்ரூமுக்கு எங்க போவாரு?"

இத்தனை வருடமாக அந்த லாரிகளைப் பார்க்கிறேன், இதை யோசித்ததில்லை. சாலையோரச் சுவர் நாறுகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

"எங்கியாவது போவாரு."

"நம்ம வூட்டுக்குக் கூப்டலாமா?"

தண்ணீர் கொடுப்பது வாசலோடு முடிந்துவிடும். கழிப்பறையோ காம்பவுண்டின் பின்பக்கம், நான்கு குடித்தனங்களுக்கும் பொது. வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம். அவர் முன்பின் தெரியாதவர். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"அப்போ தண்ணி மட்டும் குடுத்தா போதுமா?" என்றாள். மடக்குவதற்காக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பக்கத்துக் குடித்தனத்து பாயம்மாவிடம் போய்ச் சொன்னேன். வண்ணாரப்பேட்டையில் கணவரோடு துணிக்கடை நடத்தியவர். கடையில் பழகிய இந்தி அவருக்குக் கொஞ்சம் வரும். கேட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"இதுக்கு இன்னா யோசன? நான் கேட்டாண்ட நிக்கிறேன். நீ பக்கெட்ல தண்ணி புடி."

பாயம்மா சொன்னது ஓட்டுநருக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பின்னால் நின்ற லாரிக்காரரிடம் வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினார். கேட்டுக்கு உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றப் போனார்.

"போட்டுக்கினே வாங்க, தரை சுடும்" என்று மகள் அவர் காலைக் காட்டிச் சொன்னாள். முன்னால் நடந்து பின்பக்கத்தையும் காட்டினாள்.

அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வாளியையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். மகளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் பாயம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். சற்று நேரத்தில் வரிசை நகர்ந்தது, அவரும் போய்விட்டார்.

விஷயம் பரவியதோ என்னவோ, அதன்பிறகு வேறு சில ஓட்டுநர்களும் வந்து கேட்டார்கள். எதிர்க் குடித்தனக்காரர் சத்தம் போட்டார். "பேஜாரா கீது. இது இன்னா கார்ப்பரேஷன் கக்கூஸா?"

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. தண்ணீர் வராத நாளில் எங்களுக்கே போதாது. பாயம்மா நடுவில் புகுந்து பேசினார். குழாயில் தண்ணீர் வரும் நாட்களில் மட்டும் விடுவது, கழுவிவிடும் வேலை எங்கள் வீட்டினுடையது என்று முடிவானது. எதிர்க் குடித்தனக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

இப்போதும் அந்த ஏற்பாடுதான் நடக்கிறது. நான் கழுவப் போகும்போது சில நாள் மகளும் பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவாள். சில நாள் டிவி பார்க்க வேண்டும் என்று சொல்லி வரமாட்டாள்.